பேசாலை வீதியில் ஊரே நடந்த மாதம்

இந்த வருடமும் நடை தொடங்கப் போகிறது. எங்கள் உளநலப் பிரிவில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் போன கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நடைக்குச் சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்களாம், அதற்கு நான் எழுத வேண்டுமாம். அவர்களுடைய கைத்தொலைபேசிகளே இப்போது காலடியை எண்ணுகின்றன. எந்த ஊர் முன்னுக்கு நிற்கிறது என்று திரையில் பச்சையும் சிவப்புமாகத் தெரிகிறது. பேசாலைக்கும் அடம்பனுக்கும் கடும் போட்டி என்று சொல்லிச் சிரித்தார்கள். எழும்பிப் போகிற நேரம் ஒருத்தி கேட்டாள்:

"நடக்கிறதுக்கு அந்த நேரம் சனம் ஏன் மிஸ் பயந்தது?"

 இப்படி ஒரு பிள்ளை கேட்கிற காலம் வருமென்று நான் நினைத்திருக்கவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தாதிப் பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்தேன், வவுனியாவில் சில காலம் வேலை செய்தேன். எனக்கு விருப்பம் சத்திரசிகிச்சை விடுதி. ஊருக்கு மாற்றம் கிடைத்தபோது உளநலப் பிரிவுக்குத்தான் ஆள் தேவை என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். "மகள் மன்னார் பெரியாஸ்பத்திரியில" என்று அம்மா கோயிலடியில் எல்லோருக்கும் சொல்லுவார். எந்தப் பிரிவு என்று யாராவது கேட்டால் அம்மாவுக்கு உடனே வேறு வேலை வந்துவிடும்.

டொக்டர் றிஸ்வான் எங்களுக்குப் பொறுப்பாக வந்த பிறகுதான் அந்த வேலை எனக்குப் பிடித்தது. அவர் முசலிப் பக்கத்துக் குடும்பம், இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவர். நல்ல உருண்டையான ஆள். தொதல் என்கிற இனிப்பென்றால் உயிர். கொஞ்சத் தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும், வலது முழங்கால் வேறு சரியில்லை. வந்த முதல் நாளே கிளினிக் அறையில் இருந்த பெரிய மேசையை வெளியே தூக்கிவைக்கச் சொன்னார். "இதுக்குப் பின்னால இருந்தால் நான் நீதவான் மாதிரி இருக்கிறன்" என்றார். அதன்பிறகு அவருக்கும் ஒரு கதிரை, வந்தவருக்கும் அதேபோல ஒரு கதிரை.

அவர் முன்னால் யாரையும் "நீ" என்று நாங்கள் கூப்பிட முடியாது. ஒருமுறை ஒரு சிற்றூழியர், "விடுதியில இருக்கிற அந்த விசரன்..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். டொக்டர் கோபிக்கவில்லை. "அவற்ற பேர் என்ன?" என்று கேட்டார். சிற்றூழியருக்குத் தெரியவில்லை. "போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். அந்த மனிதர் போனவர், அரை மணித்தியாலம் விடுதியில் இருந்து கதைத்துவிட்டுத்தான் வந்தார்.

மாதம் ஒருமுறை ஊசி போட வேண்டியவர்களில் சிலர் கிளினிக்குக்கு வரமாட்டார்கள். அவர்களை வீடு தேடிப் போவோம். அந்த மருந்து எண்ணெய் போலத் தடிப்பானது. சின்னக் குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்து இளஞ்சூடு ஆக்கிக்கொள்வேன். இடுப்புக்குக் கீழே தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, ஊசியை ஆழமாக இறக்கி, மருந்தை மெல்ல மெல்ல விடவேண்டும். அவசரப்பட்டால் நோகும். எடுத்த பிறகு தேய்க்கக் கூடாது. இதெல்லாம் கையால் செய்கிற வேலை, பழகிவிடும். டொக்டர் சொல்லித் தந்தது வேறு: "மருந்தைப் பற்றிக் கேட்க முதல் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கோ. தேத்தண்ணி தந்தால் குடியுங்கோ. நீங்கள் அந்த வீட்டுக் கோப்பையில குடிக்கிறதை அவை பார்க்கவேணும்."

ஆனால் நாங்கள் போகிற வானை மட்டும் வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. ஆஸ்பத்திரி வான் ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றால் அந்த வீட்டுப் பெட்டைக்குக் கலியாணம் குழம்பிவிடும் என்று சனம் பயந்தது. அதனால் வானைக் கோயிலடியில் விட்டுவிட்டு நடந்து போவோம். யாரும் கேட்டால் "பிறசர் பார்க்க வந்தனாங்கள்" என்போம். இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பேசாலையில் நாங்கள் ஒரு சின்ன ஒழுங்கைத் தெருவுக்குள் இறங்கினால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "மிஸ், எனக்கும் பாருங்கோ." சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஒழுங்கை முழுவதற்கும் பிறசர் பார்த்துவிட்டுத்தான் உரிய வீட்டுக்குப் போவேன். உண்மையாகவே பிறசர் கூடின எத்தனையோ பேரை அப்படிக் கண்டுபிடித்தோம்.

அந்த ஒழுங்கைகளில் ஒன்றில்தான் அருள்தாஸின் வீடு இருந்தது. இதை எழுத முதல் அவரிடம் கேட்டேன். "என்ர பேரைப் போட்டே எழுதுங்கோ மிஸ்" என்றார்.

அருள்தாஸின் தகப்பன் சந்தியோகு சம்மாட்டியார். சொந்தமாக வள்ளங்கள் வைத்திருந்தவர், ஊரில் மதிப்பான ஆள். அருள்தாஸ் தகப்பனின் வள்ளத்தில் இஞ்சின் ஓட்டினார். இருபது வயது தாண்டின பிறகு இஞ்சின் சத்தத்துக்குள் யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லத் தொடங்கினார். ஒருநாள் நடுக்கடலில் அந்தக் குரலைத் தேடிக் குதித்துவிட்டார். கூட இருந்த சூசை என்ற தொழிலாளிதான் பாய்ந்து இழுத்து ஏற்றியவர். பிறகு நேர்த்தி வைத்தார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். ஊசியிலும் குளிசை மாத்திரையிலும் குரல்கள் மெல்ல அடங்கின. ஆனால் குரல்கள் அடங்கிப் பல வருடமாகியும் அருள்தாஸ் வீட்டின் பின் அறையை விட்டு வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி. தாய் இல்லாத வீடு. தங்கை ஜெனோவா முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டு சமையலும் பார்த்தாள். அவளுக்கு வந்த முதல் கலியாணப் பேச்சு தமையனின் வருத்தத்தால், அந்த நோயால், குழம்பிப்போனது. அடுத்த தரகர் வந்து "மகன் எங்க?" என்று கேட்டபோது சம்மாட்டியார் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "பிரான்சில."

அன்றிலிருந்து அருள்தாஸ் பிரான்சில் இருந்தார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் பின் அறைக் கதவு சாத்தப்படும்.

குளிசைகளால் அவருக்குப் பசி கூடியது. அறைக்குள்ளேயே இருந்ததால் உடம்பு பெருத்தது. ஒருநாள் இரத்தச் சோதனையில் சீனி கூடியிருந்தது. டொக்டர் அந்தச் சோதனைத் துண்டை என்னிடம் நீட்டினார்.

"மனத்தைச் சுகமாக்கப் போய் உடம்பைக் கெடுக்கிறம், றெஜினா. இவை எல்லாரும் நடக்கவேணும்."

"எங்க நடக்கிறது டொக்டர்? படலைக் கதவைத் தாண்டினால் 'விசர், விசர்' எண்டு பெடியள் பின்னால வாறாங்கள்."

"அப்ப ஊரே நடக்கட்டும். ஆருக்கு வருத்தம், ஆருக்கு வருத்தமில்லை எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

இப்படித்தான் தொடங்கியது. ஒரு மாதம், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தினமும் நடக்கவேண்டும். கடைசி நாளில் எல்லோருமாகப் பேசாலையிலிருந்து மன்னார் பட்டினம் வரை நடப்பது. அடம்பன் ஆட்கள் மறுபக்கத்திலிருந்து பாலத்தால் வந்து சேருவார்கள். டொக்டர் பங்குச் சுவாமியான பாதிரியாரிடம் போனார், பள்ளிவாசலுக்குப் போனார், மீனவர் சங்கத்துக்குப் போனார். எல்லோருக்கும் விருப்பம். ஆனால் பதாகையில் என்ன எழுதுவது என்பதில் இழுபட்டது.

"சீனி வருத்தத்துக்கு எதிரான நடை எண்டு போடுவம் டொக்டர். அப்ப சனம் வரும்" என்றார் சங்கத் தலைவர்.

"சனம் வரும் ஐயா. ஆனா நான் ஆருக்காக இதைச் செய்யிறனோ, அவை வரமாட்டினம்" என்றார் டொக்டர்.

கடைசியில் "மனவருத்தமும் வருத்தம்தான், மறைக்க வேண்டாம்" என்று எழுதினோம். சுவாமி அதை ஞாயிறு பூசை முடிவில் இரண்டு தரம் வாசித்தார்.

கொழும்பில் யாரோ உதவி செய்கிறவர்கள் இலவசமாக ரீசேட் சட்டைகள் அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்தால் நீலத்தில் ஒரு கட்டு, மஞ்சளில் ஒரு கட்டு. நீலம் பொதுமக்களுக்காம், மஞ்சள் நோயாளிகளுக்காம். டொக்டருக்கு முகம் சிவந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.  இரண்டு கட்டையும் நிலத்தில் கொட்டி, கிண்டிக் கலந்து, "எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒண்டு எடுங்கோ" என்றார். நடக்க வந்த பொலிஸ்காரர் ஒருவருக்கு மஞ்சள் வந்தது, சங்கத் தலைவருக்கு மஞ்சள் வந்தது. டொக்டருக்கும் மஞ்சள்தான், வயிற்றுக்குக் கீழே இறங்க மறுத்தது. அந்த மாதம் முழுக்க அதைத்தான் இழுத்து இழுத்துவிட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார்.

முதல் கிழமை பாவம்தான். விடியக் காலையில் நானும் டொக்டரும் சுவாமியும் இன்னும் கொஞ்சப் பேரும். எங்கள் ஊர்க் கழுதைகள் வீதியை விட்டு விலகாமல் எங்களோடு சேர்ந்து வரும். வலையோடு போகிறவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "டொக்டர், இண்டைக்குக் கழுதையள்தான் கூட போல?" டொக்டர் மூச்சு வாங்கியபடியே, "அதுகளாவது சொன்னதைக் கேக்குதுகள்" என்பார். அந்தச் சிரிப்புத்தான் ஆட்களைக் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன். இரண்டாவது கிழமை மீன் காயப்போடும் வாடிப் பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு பள்ளிக்கூடம். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, எங்கள் கிளினிக் ஆட்கள். அவர்களோடு அவர்களின் குடும்பம். வீதியில் நீலமும் மஞ்சளும் கலந்து போகும்போது பெடியன்கள் யாருக்குப் பின்னால் கத்துவது?

அருள்தாஸ் மட்டும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெனோவாவுக்கு அடம்பனிலிருந்து ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிந்தது பிரான்ஸ் கதைதான்.

நான் ஊசிக்குப் போனபோது, "நீங்களும் நடக்கலாமே" என்றேன். அருள்தாஸ் கொஞ்சம் சிரித்தார்.

"நான் பிரான்சில எல்லோ இருக்கிறன் மிஸ். இஞ்ச எப்பிடி நடக்கிறது?"

அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். வெளியே வந்து டொக்டரிடம் சொன்னேன். அன்று பின்னேரமே டொக்டர் அந்த வீட்டுக்குப் போனார். சம்மாட்டியாரோடு வாதாடவில்லை. "வளவுக்குள்ள நடக்கலாம்தானே?" என்று மட்டும் கேட்டார். கிணற்றைச் சுற்றி, தென்னைகளைச் சுற்றி, கிடுகு வேலியோடு ஒட்டி டொக்டரும் அருள்தாஸும் நடந்தார்கள். அடுத்த நாளிலிருந்து ஜெனோவாவும் நடந்தாள். மாதம் முடியும்போது அந்த மணலில் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. சம்மாட்டியார் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசி நடைக்கு முதல்நாள் பின்னேரம் ஜெனோவா கோயிலடிக்கு வந்து என்னைத் தேடினாள். நாங்கள் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"மிஸ், அண்ணா நாளைக்கு வாறன் எண்டிட்டார். கொஞ்சம் பக்கத்தில நில்லுங்கோ" என்றாள். தொலைபேசியை எடுத்து அடம்பன் மாப்பிள்ளைக்கு அழைத்தாள். 

"அண்ணா பிரான்சில இல்லை. வீட்டிலதான் இருக்கிறார். அவருக்கு மனவருத்தம், மருந்து எடுக்கிறார், இப்ப நல்லா இருக்கிறார். நாளைக்கு என்னோட மன்னாருக்கு நடக்கிறார். உங்களுக்கு முதலே சொல்லியிருக்கவேணும், அது எங்கட பிழை. இனி நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ."

மறுபக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. "ஓம், வீட்டில கதையுங்கோ" என்று சொல்லி வைத்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

விடிந்ததும் தரகர் சம்மாட்டியாருக்கு அழைத்துச் சொல்லிவிட்டார், மாப்பிள்ளை பகுதிக்குச் சம்பந்தம் வேண்டாமாம். நான் அங்கே போனபோது சம்மாட்டியார் வளவுக்குள் நின்று என்னைப் பார்த்து, "இப்ப சந்தோசமோ மிஸ்?" என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜெனோவா தலை வாரி இழுத்து, நீல ரீசேட் போட்டு, சப்பாத்தோடு நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அருள்தாஸ் கிணற்றடி மணலில் குந்தியிருந்தார்.

"நான் வரேல்ல. என்னாலதானே எல்லாம். நீ போ" என்று தங்கைக்குச் சொன்னார்.

அவள் கெஞ்சினாள். நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோயில் மணி அடித்துவிட்டது, சனம் புறப்படத் தொடங்கியிருந்தது. அப்போது டொக்டர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நடந்ததை ஜெனோவா சொன்னாள்.  டொக்டர் மெல்ல அருள்தாஸுக்குப் பக்கத்தில் மணலில் இறங்கி இருந்தார். அந்த உடம்போடு நிலத்தில் இருப்பது அவருக்கு லேசான காரியம் இல்லை.

"அருள்தாஸ், எனக்கு முழங்கால் சரியா நோகுது" என்றார். "மன்னார் வரைக்கும் தனிய என்னால ஏலாது. உங்கட தோளில பிடிச்சுக்கொண்டு வந்தால் ஒருவேளை ஏலும்."

அருள்தாஸ் அவருடைய முழங்காலைப் பார்த்தார். உண்மையாகவே வீங்கித்தான் இருந்தது. "அப்ப ஏன் டொக்டர் இதுக்கு வெளிக்கிட்டனீங்கள்?" என்றார்.

"நான்தானே எல்லாரையும் நடக்கச் சொன்னது."

 பிறகு அருள்தாஸ் எழும்பினார். கையைக் கொடுத்து டொக்டரைத் தூக்கினார், தோளைக் கொடுத்தார். படலையடியில் ஒருமுறை நின்றார். பிறகு தாண்டினார்.

ஒழுங்கை முடிந்து பெரிய வீதிக்கு ஏறுகிற இடத்தில் மீனவர்கள் சிலர் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தார்கள்.  யாராவது ஒரு சொல் தவறாகச் சொல்லிவிட்டால் இந்த மனிதர் திரும்பி அந்த அறைக்குள் போய்விடுவார், பிறகு வரவே மாட்டார். அவர்களில் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சூசை. கடலுக்குள் பாய்ந்து அருள்தாஸை இழுத்து எடுத்த அதே சூசை.

"டேய் அருள்!" என்று வீதி அதிரக் கூப்பிட்டார். "எப்பயடா பிரான்சால வந்தனி?"

 அருள்தாஸ் அவரைப் பார்த்தார்.

"விடியத்தான் வந்தனான்" என்றார். "உனக்கு ஒண்டும் கொண்டுவரேல்ல, மன்னிச்சுக்கொள்."

அந்த இடமே சிரித்தது. அருள்தாஸும் சிரித்தார். ஜெனோவா சிரித்துக்கொண்டே அழுதாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஊர் முழுவதற்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது. சம்மாட்டியார் மனம் நோகக்கூடாது என்று எல்லோரும் பிரான்சை நம்புவதுபோல நடித்திருக்கிறார்கள். நாங்களும் ஒழுங்கை ஒழுங்கையாகப் பிறசர் பார்த்துத் திரிந்திருக்கிறோம். சூசை வலையை வைத்துவிட்டு, சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, டொக்டருக்கு மற்றப் பக்கத்தில் தோள் கொடுத்தார்.

எருக்கலம்பிட்டிச் சந்தியில் முஸ்லிம் பெண்கள் எல்லோருக்கும் சர்பத் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றபோது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. திரும்பிப் பார்த்தால் சம்மாட்டியார். கூடைக்குள் ஒரு போத்தல் தண்ணீரும் மகனின் தொப்பியும்.  தொப்பியை மகனிடம் நீட்டினார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களுக்குக் கொஞ்சம் பின்னால், கூட்டத்தோடு சேர்ந்தும் சேராமலும் வந்தார். வெயில் ஏறிவிட்டது. தார் வீதி சுட்டது. கொஞ்சத் தூரம் போனதும் அருள்தாஸ் திரும்பி, "அப்பா, சைக்கிளைத் தாங்கோ, நான் உருட்டுறன்" என்றார். சம்மாட்டியார் கொடுத்தார். கை சும்மா இருந்தபடியால், மகனுக்குப் பதிலாக அவர் டொக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். மன்னார் பட்டினத்துக்குள் அப்படியேதான் வந்து சேர்ந்தார்கள்.

அடம்பன் சனம் பாலத்தால் வந்து சேர்ந்தபோது ஜெனோவா அந்தக் கூட்டத்தைக் கண்ணால் தேடியதை நான் கவனித்தேன். அந்த மாப்பிள்ளை வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வீட்டாரும் பயந்த சனம்தானே.

அதற்குப் பிறகு வானைக் கோயிலடியில் விடவில்லை. முதல் முறை வாசலில் நிறுத்தச் சொன்னது அருள்தாஸ்தான். "ஏன் மிஸ் வெயிலுக்குள்ள நடக்கிறீங்கள்?" என்று கேட்டார். அவர் மறுபடி கடலுக்குப் போகவில்லை, மருந்து கொஞ்சம் சோர்வு தரும். ஆனால் சூசையோடு வலை பொத்தப் பழகி, இன்றைக்கு அந்தக் கரையில் அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. சில காலத்துக்கு முன் வருத்தம் ஒருமுறை கூடியது. இரண்டு கிழமை விடுதியில் இருந்தார். மீன்பிடிக்காரர்கள் பார்க்க வந்தார்கள், தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு. காய்ச்சல்காரரைப் பார்க்க வருவது போலத்தான் வந்தார்கள். டொக்டர் இப்போது வேறு மாவட்டத்தில். ஒவ்வொரு வருடமும் நடைக்கு முதல்நாள் எனக்கு அழைத்து, கழுதைகளின் சுகம் விசாரிப்பார்.

நான் ஓய்வு பெறுகிற வருடம் ஜெனோவாவுக்கு மறுபடி ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை முள்ளிக்குளத்துப் பக்கம், பள்ளிக்கூட ஆசிரியர். பெண் பார்க்க வருகிற அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தாள். சம்மாட்டியார் அதற்குள் நன்றாகத் தளர்ந்திருந்தார். வந்தவர்கள் முன் விறாந்தையில் இருந்தார்கள். தரகர் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை, பலகாரத் தட்டு இன்னும் வெளியே வரவில்லை. சம்மாட்டியார் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"முதல்ல ஒரு விசயம் சொல்லவேணும். எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அருள்தாஸ் எண்டு பேர். அவனுக்கு மனவருத்தம். மருந்து எடுக்கிறான், சுகமா இருக்கிறான். வலை பொத்துவான், இந்தக் கரையில அவன்ர கைவேலைதான் நல்லது எண்டு சொல்லுறாங்கள். இதைக் கேட்டிட்டு நீங்கள் எழும்பிப் போனாலும் எனக்குக் கோவம் இல்லை."

யாரும் எழும்பவில்லை. மாப்பிள்ளையின் தாய் உள்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எங்க அவர்? கூப்பிடுங்கோவன், எங்களோட இருந்து தேத்தண்ணி குடிக்கட்டும்."

அருள்தாஸ் குசினிக்குள் நின்று தங்கைக்குப் பலகாரம் அடுக்க உதவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். விறாந்தையில் கதிரைகள் எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். சம்மாட்டியார் கஷ்டப்பட்டு எழும்பி, தான் இருந்த கதிரையை மகனுக்கு நகர்த்திவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்.